ரசிகர் வக்கீலாக வேண்டியதில்லை

அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் எனக்கு எவ்வளவு வேண்டப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதுவதெல்லாம் அவரைப் பிடிக்காத ஒருவர் எழுதியது போலத் தோன்றும். கல்லூரி முடித்த புதிதில் கேட்க ஆரம்பித்தேன். ஜாஸ் என்றால் விரல்கள் பறக்கிற வேகம் என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன், இந்த மனிதரோ ஒரு சுரத்தை ஊதிவிட்டு அடுத்ததை ஊதாமல் காத்திருந்தார். டிரம்பெட்டின் வாயில் ஹார்மன் மியூட் என்ற ஒலியடக்கியைச் செருகி, மைக்குக்கு ஒட்டினாற்போல் வைத்து வாசிப்பார். பித்தளையின் முழக்கமெல்லாம் வடிந்து மெல்லிய, கொஞ்சம் கரகரப்பான ஒரு குரல் மட்டும் மிஞ்சும். அப்பா இறந்த பிறகு தூக்கம் வராத இரவுகளில் எனக்குத் துணை அந்தக் குரல்தான்.

அவருடைய 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959ஆம் ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் நியூயார்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் கையில் கோடு காட்டினாற்போலச் சில குறிப்புகள்தான் இருந்தன, மீதியெல்லாம் அங்கேயே, அந்த நேரத்திலேயே பிறந்தது. 2009இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை அந்த இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டுக்குத் தீர்மானம் போட்டுப் பாராட்டியது. இவ்வளவு மரியாதைக்கும் அது தகுதியானதுதான், இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

அப்புறம்தான் அவருடைய சுயசரிதையை வாசித்தேன். 1989இல் வந்தது, குவின்சி ட்ரூப் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதியது. அதில் மனைவி பிரான்சிஸ் டெய்லரை அடித்ததை அவரே சொல்கிறார். இன்னொரு இசைக்கலைஞரான குவின்சி ஜோன்ஸ் பார்க்க நன்றாக இருக்கிறார் என்று பிரான்சிஸ் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதற்காக அடித்ததையும் சொல்கிறார். பொறாமை, கோபம் என்று காரணமும் சொல்கிறார். பின்னாளில் மணந்துகொண்ட நடிகை சிசிலி டைசனை அறைந்ததும் அதே புத்தகத்தில் இருக்கிறது. எதிரிகள் கிளப்பிய வதந்தி என்று தள்ள வழியில்லை, பேசுகிறவர் அவரேதான்.

பிரான்சிஸ் டெய்லர் யார் என்று தேடிப் பார்த்தேன். முறையாக பாலே பயின்ற நடனக் கலைஞர். பாரிஸ் ஓபரா பாலேயுடன் ஆடிய முதல் கறுப்பினப் பெண் என்று சொல்லப்படுபவர். பிராட்வேயில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' முதன்முதலாக அரங்கேறியபோது அதில் இருந்தவர். அந்த வேலையை விடச் சொன்னது மைல்ஸ். 1961இல் வந்த அவருடைய ஒரு இசைத்தட்டின் அட்டையில் இருக்கும் பெண் முகம் பிரான்சிஸுடையது. அந்த அட்டையை நான் பல தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அழகான முகம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல். 1965இல் அவர் அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். உயிருக்குப் பயந்து ஓடினேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2018 நவம்பரில் காலமானார்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த பதில்களைக் கேட்டுத்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. அந்தக் காலம் அப்படி. போதைப்பொருள் அவரை அப்படி ஆக்கிவிட்டது. மேதைகள் எல்லாருமே இப்படித்தான். அவரே ஒத்துக்கொண்டுவிட்டாரே, அதுவே பெரிய விஷயம் இல்லையா? யாரும் கேட்காமலே ஆளுக்கு ஒரு வாதத்தோடு வந்து நின்றார்கள். பிரான்சிஸுக்கு என்ன ஆயிற்று, அவர் திரும்ப மேடையேறினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள், தங்கள் வீட்டில் ஒரு பெண்மேல் கை விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பவர்கள். ஆனால் பிடித்த இசைக்கலைஞர் என்றதும் தாங்களாகவே கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒருவரின் இசை பிடித்திருக்கிறது என்பதால் அவருக்காக வாதாடும் கடமை நமக்கு வந்துவிடாது. கலையையும் கலைஞரையும் பிரிப்பதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் விவாதிக்கிறோம், அந்தக் கேள்வியை நான் ஓரமாக வைத்துவிட்டேன். இசையைக் கேட்கிறேன், அந்த மனிதர் செய்ததைச் செய்தது என்றே சொல்கிறேன், இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுவதில்லை. அருமையான ஒரு தனி ஆவர்த்தனம் கன்னத்தில் விழுந்த ஓர் அறையைக் கழித்துவிடாது, அந்த அறையால் ஆவர்த்தனம் அபசுரமாகியும் விடாது. இரண்டும் அப்படியே இருக்கின்றன. இதோடு வாழ்வது கொஞ்சம் அசௌகரியம். அந்த அசௌகரியத்தைப் போக்கிக்கொள்ளத்தான் நாம் பொய் சொல்ல ஆரம்பிக்கிறோம்.

மைல்ஸின் வாழ்க்கை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 1959 ஆகஸ்ட் 25 அன்று, 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, பேர்ட்லேண்ட் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர் இடைவேளையில் வெளியே வந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சியில் ஏற்றிவிட்டு நின்றார். நகர்ந்து போ என்றார் ஒரு போலீஸ்காரர். கிளப்பின் வாசலில் என் பெயரே எழுதியிருக்கிறது, நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டதற்குத் தலையில் அடி. சட்டையெல்லாம் ரத்தமாக அவரைக் கைது செய்துகொண்டு போன படங்கள் இன்றும் கிடைக்கின்றன. தெருவில் நிறவெறியிடம் அடிவாங்கியவர் வீட்டில் அடித்தவராகவும் இருந்தார். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதை மன்னித்ததாகாது, இரண்டாவதைச் சொன்னால் முதலாவது நியாயம் என்றும் ஆகாது. பெர்ல் கிளீஜ் என்ற கறுப்பின எழுத்தாளர் 1990லேயே இதைப் பற்றி மிகுந்த கோபத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். அவரும் மைல்ஸின் இசையோடு வாழ்ந்தவர்தான். நம் பெண்களை அடித்த ஒருவரை நம் நாயகராக எப்படிக் கொண்டாடுகிறோம் என்று தன் சமூகத்தைப் பார்த்தே கேட்டார். நிறவெறிக்கு எதிரான போராட்டத்தைக் காரணம் காட்டி அந்தப் பெண்களை வாய்மூடச் சொல்ல முடியாது என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பிடித்த இசைக்கலைஞர் பற்றி ஒரு செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது, தெரிந்தது எந்த வகை என்று. அவரே ஒத்துக்கொண்டதா, நீதிமன்றம் தண்டித்ததா, விடுதலை செய்ததா, குற்றச்சாட்டு மட்டுமா? எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் 'சர்ச்சை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது, அடித்தவரையும் அடிவாங்கியவரையும் ஏதோ கருத்து வேறுபாட்டில் இருப்பவர்கள் போல ஆக்கிவிடுகிறது. மைக்கேல் ஜாக்சனை 2005இல் நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது, அது ஒரு சட்டபூர்வமான உண்மை. 2019இல் ஓர் ஆவணப்படத்தில் இரண்டு பேர் சிறுவயதில் தங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக விரிவாகப் பேசினார்கள், அவர்கள் பேசினார்கள் என்பதும் உண்மை. அவர் குடும்பமும் சொத்தை நிர்வகிப்பவர்களும் மறுத்தார்கள். இங்கே 'நிரூபணமாகிவிட்டது' என்று நான் சொல்வதில்லை, 'ஒன்றுமே இல்லை' என்றும் சொல்வதில்லை. விடுதலை என்றாலே எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளவும் எனக்குத் துணிவு இல்லை, ஏனென்றால் அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லியும் 2008இல் ஒரு பாலியல் வழக்கில் விடுதலையானவர்தான். பிறகு 2021இல் நியூயார்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, 2022 ஜூனில் 30 ஆண்டு சிறைத் தண்டனை. இடைப்பட்ட ஆண்டுகளில் பேசிய பெண்களிடம் ரசிகர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால், தெரியாத விஷயத்தில் கொஞ்சம் வாயை அடக்குவது எவ்வளவு பெரிய உதவி என்று புரிகிறது.

இரண்டாவதாகப் பார்ப்பது, அந்தத் தீங்கு பாட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று. கெல்லி விஷயத்தில் என் பதில் தெளிவானது. 1994இல் ஆலியா என்ற இளம் பாடகிக்கு முதல் ஆல்பத்தை எழுதித் தயாரித்தவர் அவர், அதன் தலைப்பே வயது வெறும் எண்தான் என்று சொல்கிறது. அதே ஆண்டு, 15 வயதில் இருந்த அந்தப் பெண்ணை, வயதைக் கூட்டிக் காட்டிய ஆவணத்தை வைத்துத் திருமணம் செய்துகொண்டார். அந்த அடையாள அட்டைக்காக அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தது 2021 வழக்கிலும் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தலைப்புப் பாட்டை என்னால் வெறும் பாட்டாகக் கேட்க முடியவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மைல்ஸின் டிரம்பெட்டில் சொற்கள் கிடையாது, யாரையும் அடிக்கச் சொல்லும் வாசகம் அங்கே இல்லை. அதனால்தான் அவரை என்னால் இன்னும் கேட்க முடிகிறது. இது என் எல்லை. வேறொருவருக்கு அந்த டிரம்பெட்டின் மென்மையே ஒரு பொய்யாகப் படலாம், அதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, அந்த இசையில் வேறு யார் யார் இருக்கிறார்கள். இதுதான் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது, ஆனால் பேச்சில் கடைசியாகத்தான் வரும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ, ஒரு பாட்டுக்கு வின்டன் கெல்லி பியானோ, பால் சேம்பர்ஸ் பேஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். அட்டையில் ஒரு பெயர் பெரிதாக இருப்பதால் இவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை. இதைவிடக் கூர்மையான உதாரணம் பில் ஸ்பெக்டர். 1960களின் பாப் இசைக்கு ஒரு முழக்கத்தையே கொடுத்த தயாரிப்பாளர். 2003இல் லானா கிளார்க்சன் என்ற நடிகையைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காக 2009இல் தண்டிக்கப்பட்டு, 2021இல் கைதியாகவே இறந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே தன் மனைவி ரோனியை வீட்டுக்குள் பூட்டிவைத்து வாழ்ந்தவர். 1972இல் செருப்புக்கூட இல்லாமல் வெறுங்காலோடு ரோனி அங்கிருந்து தப்பினார். ஆனால் அவர் தயாரித்த, ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழுவின் பாட்டுகளில் நாம் கேட்பது யார் குரலை? ரோனியின் குரலை. தங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக அந்தப் பெண்கள் ஸ்பெக்டரோடு பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடினார்கள். ஸ்பெக்டரைத் தண்டிக்கிறேன் என்று அந்தப் பாட்டுகளை நிறுத்தினால் ரோனியைத்தான் இன்னொரு முறை வாயடைக்கிறோம். ஆகவே ஒரு பதிவைத் தூக்கி எறியும் முன்னால் அதில் பாடியவர், வாசித்தவர், எழுதியவர் எல்லார் பெயரையும் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. பாதிக்கப்பட்டவரே அந்தப் பாட்டுக்குள் இருக்கக்கூடும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் இதை நான் நீட்டப்போவதில்லை. உயிரோடு இருந்து, இன்னும் மேடையும் அதிகாரமும் புதிய இளம் ஆட்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு நான் டிக்கெட் வாங்க மாட்டேன். மைல்ஸ் 1991இல் இறந்துவிட்டார், அவரால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை. இரண்டும் ஒன்றல்ல. சில நேரம் பணம் எங்கே போகிறது என்பது நாம் நினைப்பது போல இருக்காது. சிறுமிகளுக்கு எதிரான குற்றங்களுக்காக 2015இல் 16 ஆண்டு தண்டனை பெற்ற பாடகர் கேரி கிளிட்டரின் பழைய பாட்டு ஒன்று 2019இல் 'ஜோக்கர்' படத்தில் வந்ததும் பெரிய கொதிப்பு எழுந்தது, உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவருக்கு அதிலிருந்து பணம் போகாது என்று விளக்கம் கொடுத்தன. கொதிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் தெரிந்துகொண்டு கொதிப்பது நல்லது. நிறுவனங்களின் முடிவுகளை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2018 மே மாதம் ஸ்பாட்டிஃபை கெல்லியின் பாட்டுகளைத் தான் தொகுத்த பட்டியல்களிலிருந்து எடுத்தது, சில வாரங்களிலேயே அந்தக் கொள்கையையே கைவிட்டது. அதே ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி, பாலியல் புகார்களுக்குப் பிறகு, ஏழு கலைஞர்களை டிசம்பர் விழாவிலிருந்து விலக்கி வைத்தது. மேடை யாருக்கு என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களின் பொறுப்பு, வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற என் பொறுப்பைவிட மிகப் பெரியது. இதை ஒப்புக்கொண்டால் தேவையில்லாத குற்ற உணர்ச்சி பாதி குறையும்.

இனி, தனியாகக் கேட்பதும் பலரோடு சேர்ந்து கேட்பதும் வேறு வேறு என்பது. நாங்கள் சில பேர் அவ்வப்போது ஒரு வீட்டில் கூடி இசைத்தட்டுகள் போட்டுக் கேட்போம். ஒரு நாள் மைல்ஸ் வரிசையில் வந்தபோது என் தோழி எழுந்து நின்றுவிட்டாள். அடிக்கிற கணவனோடு சில ஆண்டுகள் வாழ்ந்து வெளியே வந்தவள் அவள். "உங்களுக்கு இது இசை, எனக்கு அந்த ஆள் வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கு, இன்னைக்கு வேண்டாமே" என்றாள். ஒரு நண்பர் இசையில் அப்படி ஒன்றும் இல்லையே என்று ஆரம்பித்தார். அவள் ஒரே வரியில் முடித்தாள்: "நான் இசையைப் பத்திப் பேசவே இல்லைங்க." வேறு தட்டைப் போட்டோம். வீட்டுக்குப் போய் நான் மைல்ஸைக் கேட்கலாம், அதை அவளும் தடுக்கவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கும் அறையில் என் ரசனைதான் பெரிது என்று நிற்க முடியுமா?

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியாக இருப்பது 2001 ஜூலையில் ஜெருசலேமில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் யூதர்களைப் பற்றிய தன் வெறுப்பை 1850இல் புனைபெயரில் கட்டுரையாக எழுதி, 1869இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டவர். ஹிட்லர் கொண்டாடிய இசையும் அவருடையதுதான். 1938இல் ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்ட அந்த நவம்பருக்குப் பிறகு, இன்று இஸ்ரேல் பில்ஹார்மோனிக் என்று அறியப்படும் இசைக்குழு அவரை வாசிப்பதை நிறுத்தியது. சட்டம் எதுவும் இல்லாமலே அந்த வழக்கம் நிலைத்தது. அந்த நிகழ்ச்சியில் இசைக்குழுவை நடத்திய டேனியல் பேரன்பாய்ம் தானும் ஒரு யூதர். கச்சேரியின் அறிவிக்கப்பட்ட பகுதியை முடித்துவிட்டு, பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, வாக்னர் வாசிக்கலாமா என்று கேட்டார். வேண்டாதவர்கள் போகலாம் என்றார். அரை மணி நேரம் வாக்குவாதம். சிலர் கத்தினார்கள், கதவை அறைந்துவிட்டுப் போனார்கள், பெரும்பாலானோர் இருந்தார்கள். பிறகுதான் வாசித்தார். அவர் செய்தது சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: முன்கூட்டிச் சொன்னார், கேட்டார், போகிறவர்களுக்கு வழிவிட்டார். எங்கள் கூடுகையிலும் இப்போது என்ன போடப்போகிறோம் என்று முதல் நாளே எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிடுகிறோம். யாராவது வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பதில்லை. தன் காயத்தைச் சொல்லித்தான் ஒருவர் அனுமதி வாங்க வேண்டும் என்பது கொடுமை.

காலம் கடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் நான் நம்புவதில்லை. கார்லோ ஜெசுவால்தோ என்ற இத்தாலியப் பிரபு 1590இல் தன் மனைவியையும் அவள் காதலனையும் கொன்றார், பிரபு என்பதால் தண்டனை இல்லை. அவருடைய பாடல்களின் விசித்திரமான சுரக்கோவைகளை இன்றும் வியந்து பாடுகிறார்கள். 400 ஆண்டு தாண்டியதில் கொலை ஒரு சுவாரசியமாகி, கச்சேரிக்கு விளம்பரமாகவே ஆகிவிட்டது. இறந்த பெண்ணின் பெயர் மரியா தாவலோஸ். ஜெசுவால்தோவின் பெயரைச் சொல்கிற எத்தனை பேருக்கு அவள் பெயர் தெரியும்?

இதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாருக்காவது மைல்ஸை அறிமுகப்படுத்தினால் பிரான்சிஸ் டெய்லரையும் சொல்வேன். பயமுறுத்துகிற தொனியில் இல்லை, கோல்ட்ரேனைச் சொல்வது போலவே. அக்கா மகன் டிரம்பெட் கற்றுக்கொள்கிறான், பதினான்கு வயது. அவனிடம் அப்படித்தான் சொன்னேன். அப்படின்னா நான் இவரைக் கேட்கக் கூடாதா சித்தி என்று கேட்டான். கேளு, அவர் எப்படி மூச்சை அடக்குகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கற்றுக்கொள், ஆனால் அவரைப் பெரிய மனிதர் என்று யாராவது சொன்னால் பெரிய வாசிப்பாளர் என்று திருத்து என்றேன். யோசித்துவிட்டு, பிரான்சிஸ் ஆடிய வீடியோ இருக்கிறதா என்று தேடப் போய்விட்டான்.

கேட்க முடியாத நாட்களும் எனக்கு உண்டு. வேறொரு பெண்ணைப் பற்றிய செய்தி வாசித்த அன்று அந்த மியூட் ஒலி காதில் பட்டாலே உடம்பு கூசும். அன்றைக்கு நிறுத்திவிடுவேன். அடுத்த வாரம் கேட்பேன். நிலையான ஒரு முடிவு எடுத்தாக வேண்டும் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முற்றிலும் விட்டுவிட்டவர்களை மிகையாக நடந்துகொள்கிறார்கள் என்றும், கேட்கிறவர்களை மனசாட்சி இல்லாதவர்கள் என்றும் சொல்லாமல் இருந்தாலே போதும், அறையில் எல்லாரும் பேசலாம்.

அடுத்த முறை கூடும்போது ரோனி ஸ்பெக்டர் பாடியவற்றை மட்டும் போடுவதாக இருக்கிறோம், ரோனெட்ஸ் காலத்துப் பாட்டுகளும் அவர் தனியாக வெளியே வந்த பிறகு பாடியவையும். எது முதலில், எது கடைசியில் என்று தோழிதான் பட்டியல் தயாரிக்கிறாள்.